நெட்டும் பாவமும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வேலை, குளிர், சோம்பல்... காரணத்துக்கா பஞ்சம்! போன வாரம் எங்க வீட்டுச் சின்னவள் கேட்ட ஒரு கேள்விதான் மறுபடி எழுத உட்கார வெச்சிருக்கு.

தமிழ் வகுப்பில் "என் தாத்தா" என்று பத்து வரி எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. முதலில் ஜெர்மனில் யோசிக்கும், அப்புறம்தான் தமிழுக்கு வண்டியைத் திருப்பும். பென்சிலைக் கடிச்சுக்கிட்டே கேட்டாள்: "அப்பா, 'மைன் ஓபா வார் நெட்', இதைத் தமிழ்ல எப்படி எழுதணும்?"

என் தாத்தா இருந்தார் என்பது வரை சரி. அந்த "நெட்"டுக்கு என்ன எழுதுவது? "நல்லவர்னு எழுது" என்று சட்டென்று சொல்லிட்டேன். "நல்லவர்னா குட் தானே? நான் நெட்டுக்குக் கேட்டேன்" என்றாள். அதோட மாட்டிக்கிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல இந்த ஊரில் குப்பை கொட்டுறேன். நாலே எழுத்து உள்ள ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தெரியல. அதுவும் எங்கப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில்.

முதலில் அந்த நெட் எப்படி அறிமுகமாச்சுன்னு சொல்லிடறேன். 2000 ஆகஸ்டில் ஜெர்மனி கணினிக்காரங்களுக்கு கிரீன் கார்டு என்று ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. ஐந்து வருஷம் வரைக்கும் வேலை அனுமதி. அந்த வண்டியில் ஏறி 2001-ல் ஸ்டுட்கார்ட் வந்து இறங்கினவன் நான். சாயங்கால ஜெர்மன் வகுப்பில் மூணாவது பாடத்திலேயே வந்துடுச்சு நெட். நல்ல, இனிமையான, அன்பான என்று நோட்டில் எழுதிக்கிட்டேன். நெட்டான டீச்சர், நெட்டான அக்கம்பக்கம், நெட்டான சாயங்காலம். நம்ம ஊர் உப்பு மாதிரி, எதில் போட்டாலும் சேரும் போலிருக்கேன்னு நினைச்சேன்.

ஆனா நான் வந்து இறங்கினது ஸ்வேபியன் பேசும் ஊர். இங்கே "இல்லை" என்பதற்குப் புத்தகத்தில் உள்ள "நிஷ்ட்" கிடையாது. "நெட்" என்பாங்க! எழுதும்போது ஒரு எழுத்து குறையும், காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு தடவை மாடிப்படியில் பக்கெட் தண்ணியைக் கொட்டிட்டேன். பார்த்த பாட்டி "டெஸ் இஷ் நெட் ஷ்லிம்" என்றார். ஷ்லிம் என்றால் மோசம் என்று தெரியும். ஆகா, "அருமையான மோசம்"னு நக்கல் பண்றாங்களேன்னு முகம் சுண்டிப்போச்சு. பாவம், அந்தம்மா "பரவாயில்லப்பா, மோசமில்ல"ன்னு ஆறுதல் சொல்லியிருக்காங்க. இது புரிய எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

(இந்த ஊர்க்காரங்க பாராட்டுறதில் படு கஞ்சம். "திட்டலேன்னா அதுவே போதுமான பாராட்டு"ன்னு ஒரு பழமொழியே வெச்சிருக்காங்க. அதிலும் இந்த "நெட்" வருது. எந்த நெட் என்று நீங்களே சொல்லிடுவீங்க.)

சரி, அர்த்தத்துக்கு வருவோம். நெட் என்பது ஜெர்மன் மண்ணில் முளைச்ச வார்த்தை இல்லை. லத்தீனில் "பளபளப்பான" என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கே "சுத்தமான" என்றாகி, டச்சு வழியா இங்கே வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் நாம சொல்ற "நீட்" இதுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆக முதலில் துடைச்சு வெச்ச பாத்திரத்தைக் குறிச்ச சொல், அப்புறம் துடைச்சு வெச்ச மாதிரி நடந்துக்கிற மனுஷனைக் குறிச்சிருக்கு.

இன்றைக்கு அது எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க. கதவைத் திறந்து பிடிச்சா "அது உங்க நெட்"னு நன்றி சொல்லலாம். கணிசமான பணத்தை "நெட்டான தொகை" என்பாங்க. யாராவது காலை வாரிவிட்டா "இது ரொம்ப நெட்டா இருக்கே!" என்று பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லலாம். "இது நெட்டா ஆகப்போகுது" என்றால் வம்பு வரப்போகுதுன்னு அர்த்தம்.

பக்கத்து இலையில் வேற பலகாரமும் இருக்கு. "லீப்" என்பது பிரியம். வீட்டுக்குள்ளே, குழந்தைகளிடம், நெருங்கினவங்களிடம். "ஃப்ராய்ண்ட்லிஷ்" என்றால் நட்பான. கடைக்காரர், ஆபீசர், ஏன், வானிலை அறிக்கையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும் நாள்கூட ஃப்ராய்ண்ட்லிஷ்தான். பாக்கி கட்டலேன்னா வழக்கு போடுவோம்னு வர்ற கடிதம்கூட "நட்பான வணக்கங்களுடன்" என்றுதான் முடியும்! "ஹில்ஃப்ஸ்பெரைட்" என்றால் உதவிக்கு ஆயத்தமானவர். இத்தனைக்கும் நடுவில் நெட் நிற்குது. சூடும் இல்லாம, குளிர்ச்சியும் இல்லாம. வெதுவெதுன்னு.

அந்த வெதுவெதுப்பு எனக்குச் சுட்டது 2006-ல். ஆபீசில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்க ஆள் தேடினாங்க. வருஷாந்திரப் பேச்சுவார்த்தையில் மேலாளர் என்னிடம் "நீங்க ரொம்ப நெட்டான சக ஊழியர், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியல. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி, அன்றைக்குப் பாயசமே வெச்சாச்சு. மறுநாள் சாப்பாட்டு மேஜையில் கூட வேலை பார்க்கிற ஒருத்தரிடம் இதைச் சொன்னப்ப, அவர் முள்கரண்டியைக் கீழே வெச்சுட்டு ஒரு மாதிரி பார்த்தார். "உனக்கு அந்தப் பழமொழி தெரியாதா?" என்று கேட்டுட்டுச் சொன்னார்: "நெட் என்பது பீயோட தங்கச்சி."

மன்னிக்கணும், அவங்க வார்த்தை அப்படித்தான். பெண் பார்த்துட்டு வந்து "எப்படி?" என்று கேட்டா "ம்ம்... நெட்" என்றால் கதை முடிஞ்சது. குறையா சொல்ல ஒன்றுமில்லை, நிறையா சொல்லவும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பொறுப்பு வேற ஒருத்தருக்குப் போச்சு. அவரை யாரும் நெட் என்று சொல்லிக் கேட்டதில்லை.

பின்னால அந்த வேலையை விட்டப்ப சான்றிதழ் கொடுத்தாங்க. இந்த ஊர் வேலைச் சான்றிதழ் ஒரு தனிக் கலை. ஊழியரின் பிழைப்பைக் கெடுக்காதபடி நல்லெண்ணத்தோட எழுதணும்னு 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒளிச்சு வெச்சு எழுதக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு. ஆனா பாருங்க, "எங்களுக்கு முழுத் திருப்தி" என்றால் சுமார். "எப்போதும் முழுத் திருப்தி" என்றால் நல்லது. "எப்போதும் முழுமையிலும் முழுத் திருப்தி" என்றால்தான் முதல் வகுப்பு. "முயற்சி செய்தார்" என்றால் ஃபெயில்! வேலையைப் பற்றி ரெண்டு வரி, குணத்தைப் பற்றி நாலு வரி இருந்தா ஜாக்கிரதை. என்னுடையதில் குணம்தான் தூக்கலா இருந்துச்சு.

நம்மகிட்ட மட்டும் என்ன வாழுதாம்? வடிவேலு காமெடியில் அடி வாங்கி அடி வாங்கி ஒருத்தன் எடுப்பானே "ரொம்ப நல்லவன்" பட்டம், அது நெட் இல்லாம வேற என்ன? ஆங்கிலத்தில் "நைஸ்" என்ற சொல்லோட லத்தீன் வேருக்கு ஒண்ணும் தெரியாதவன் என்று அர்த்தம். ஜெர்மனிலேயே "அல்பெர்ன்" என்றொரு சொல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அன்பானவன், உண்மையானவன் என்று பொருள். இன்றைக்கு அசட்டுத்தனம். எந்த மொழியிலும் நல்லவனுக்கு வைக்கிற பேர் நாளாக நாளாக அசடனுக்குப் போய்ச் சேர்ந்துடுது போலிருக்கு.

எங்க ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. தனுவச்சபுரம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் போனா நெய்யாற்றின்கரை தாண்டி, பாறசாலைக்கு முந்தி ஒரு சின்ன ஸ்டாப். கண் அசந்தா தெரியாது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்குப் போச்சு. நெய்யாற்றின்கரையும் வேணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடினது கிடைக்கல. அதனால நாங்க வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், களியக்காவிளை சந்தைக்குப் போனா ரெண்டும் கலந்த ஒண்ணு.

எங்க பக்கம் பிள்ளைகளைக் கொஞ்சுறதுக்கு "அப்பி" என்பாங்க. அப்பி வாடே, அப்பி சாப்பிட்டியா... வடக்கே போய் இதைச் சொல்லிப் பாருங்க, மூக்கைப் பிடிச்சுக்குவாங்க. அங்கே அப்பி என்றால் பிள்ளை இல்லை, பிள்ளை டயப்பரில் செய்து வைக்கிற காரியம்! நெட்டும் பீயும் அக்கா தங்கச்சி என்று அந்த நண்பர் சொன்னப்ப எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். சிரிச்சேன். அவர் நான் மனசு உடைஞ்சு சிரிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டார்.

ரெண்டாவதா ஞாபகம் வந்த வார்த்தைக்கு எனக்குச் சிரிப்பு வரல. அது "பாவம்."

தமிழில் பாவம் செஞ்சா நரகம். யாராவது விழுந்துட்டா "அய்யோ பாவம்." ஆனா எங்க ஊரில், மலையாளத்து வழக்கம் போல, ஒரு ஆளையே பாவம் என்று சொல்லலாம். "அவரு ஒரு பாவம்" என்றால் சூதுவாது இல்லாதவர், நல்ல மனசு, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கூடவே, எளிதில் ஏமாற்றலாம் என்பதும் அதுக்குள்ளே இருக்கும். எங்கப்பா ஊருக்கே பாவம்.

பலசரக்குக் கடை வெச்சிருந்தார். கடைக்கு முதல் அரிசியோ பருப்போ இல்லை, பற்று புத்தகம்தான். நீளமான கணக்கு நோட்டு, மேலே காக்கி அட்டை, நடுவில் ஒரு நூல். யார் வந்து கேட்டாலும் எழுதிட்டுக் கொடுப்பார். பழைய பாக்கி நிற்கும்போதே புதுசா எழுதுவார். அம்மா கேட்டா, "போட்டு, பிள்ளைய உள்ள வீடுல்லா" என்பார். கேட்டு வாங்குவது அவருக்கு வராது. வழியில் பாக்கிக்காரரைப் பார்த்தா இவர்தான் வேற சந்தில் திரும்புவார். அவர் வெட்கப்படக் கூடாதாம்!

அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. "பாவமாம் பாவம்! பாவம்னு செல்லிச் செல்லியே கடையைக் காலியாக்கிப் போட்டாவ" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வரும். எனக்குப் பத்தாவது படிக்கும்போது பரீட்சைப் பணம் கட்ட அம்மா கம்மலைக் கழற்றின அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். என்ன ஆனாலும் ஒரு காலமும் பாவம் ஆகிடக் கூடாது. கடல் தாண்டி வந்ததில் பாதி அந்த வைராக்கியம்தான். வந்து பார்த்தா, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எனக்கு அதே பட்டத்தை ஜெர்மனில் அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க.

இப்போ 2019 பிப்ரவரிக்கு வர்றேன்.

நள்ளிரவில் போன். ஊரில் விடிகாலை நாலரை. தம்பி பேசினான், ரெண்டு வார்த்தைக்கு மேல் அவனால் முடியல. அப்பா தூக்கத்திலேயே போயிட்டார். ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து காலையில் ஒரு விமானத்தில் இடம் கிடைச்சுது. ஆனா ஸ்டுட்கார்ட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டர் போகணுமே. அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. எங்க கார் பட்டறையில் கிடக்கு. மனைவி பெட்டியில் துணி அடுக்குறா, நான் அங்கேயும் இங்கேயும் நடக்கிறேன், சின்னவள் எழுந்து அழுறா.

காலிங் பெல் அடிச்சுது.

கீழ் வீட்டுப் பெரியவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். இங்கே "கேர்வோஹெ" என்று ஒரு முறை உண்டு. வாரம் ஒரு வீட்டுக்காரர் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கணும். நாங்க ஒரு மணி நேரம் தாமதிச்சாலும் கதவில் சீட்டு ஒட்டிடுவார். ராத்திரி பத்துக்கு மேல் குழாயைத் திறந்தா கீழிருந்து கம்பால் தட்டுவார். "இந்த மனுஷன்கிட்ட நெட்டுங்கிறது மருந்துக்கும் கிடையாது" என்று என் மனைவி சொல்லாத வாரம் இல்லை.

இரவு உடையில் நிற்கிறார். திட்டத்தான் வந்திருக்கார், முகத்திலேயே தெரியுது. மனைவி விஷயத்தைச் சொன்னாள். அவர் "அய்யோ" என்றுகூடச் சொல்லல. "விமானம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "பத்து நிமிஷத்தில் கீழே வாங்க" என்று சொல்லிட்டு இறங்கிட்டார்.

வழி முழுக்க அவர் பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். பனி தூறிக்கிட்டிருந்துச்சு. எழுபது வயசுக்கு மேல் ஆன மனுஷன், கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு ஓட்டினார். பாதி வழியில் ஒரு பொட்டலத்தை நீட்டினார். ரெண்டு ரொட்டி, நறுக்கின ஆப்பிள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ளே எப்ப நறுக்கினாரோ தெரியல. நான் சைவம்னு அவருக்கு எப்படித் தெரியும்னும் தெரியல. பாலாடைக்கட்டி மட்டும்தான் வெச்சிருந்தார். இறங்கும்போது எனக்கு வாயில் வந்தது அந்த மூணாவது பாடத்து வாக்கியம்தான்: "இது உங்க ரொம்ப நெட்."

அவர் கொஞ்சம் கோபமாவே பார்த்தார். "நெட் எல்லாம் ஒண்ணுமில்லை. ஸெல்ப்ஸ்ட்ஃபெர்ஷ்டெண்ட்லிஷ்" என்றார். தானே விளங்குவது என்று அர்த்தம். சொல்லவே தேவையில்லாதது. வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.

ஊரில் அப்பா ஃப்ரீசர் பெட்டியில் எனக்காகக் காத்திருந்தார். எல்லாம் முடிஞ்ச பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாங்க. "பாவம் மனுசன்." சின்ன வயசில் கேட்டா எரியுமே, அதே வார்த்தை. சினிமாவா இருந்தா பழைய பாக்கிக்காரங்க வரிசையா வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. எங்க வீட்டில் அப்படி யாரும் வரல. ஆனா துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாளெல்லாம் கஞ்சி வந்தது, மரச்சீனி அவிச்சு வந்தது, வாழைக்குலை வந்தது. பிறகு பரணிலிருந்து அந்தக் கடைசிப் பற்று புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கஞ்சி கொண்டு வந்த பேர்களில் பாதி அதில் இருந்துச்சு. தொகையை நான் கூட்டிப் பார்க்கல.

புறப்படுகிற அன்றைக்கு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க. எங்க ஊர் அம்மாக்கள் ஒத்தை மகனையும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவாங்க. மரியாதைக்குப் பன்மை எல்லா ஊரிலும் உண்டு, ஜெர்மன்காரனுக்கும் உண்டு. பிரியத்துக்குப் பன்மை வேற எங்கேயும் நான் கேட்டதில்லை. "மக்களே," என்றாங்க, "உங்க அப்பா ஒரு பாவமாக்கும், கேட்டியா." நாற்பது வருஷம் அந்த வார்த்தையோட சண்டை போட்ட வாய். எனக்குப் பதில் சொல்ல வரல.

திரும்பி வரும்போது கீழ் வீட்டுப் பெரியவருக்கு ஏத்தன் சிப்ஸ் ஒரு கிலோ கொண்டு வந்தேன். "இது தேவையே இல்லை" என்று வாங்கிக்கிட்டார். அடுத்த வாரம் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார். படி துடைக்கலையாம். துடைச்சேன்.

ஆக, சின்னவளின் கேள்வி. வள்ளுவர் இதுக்கென்றே ஒரு அதிகாரம் வெச்சிருக்கார், ஐம்பத்தெட்டாவது. பேர் கண்ணோட்டம். பிறர் மேல் கண் ஓடுவது, இரக்கம். அழகான சொல். ஆனா அதையும் நாம் "என் கண்ணோட்டத்தில்" என்று ஆக்கி வெச்சிட்டோம். "தாத்தாவிடம் கண்ணோட்டம் இருந்தது" என்று எழுதினா, தாத்தாவுக்கு ஏதோ அபிப்பிராயம் இருந்ததுன்னு ஆகிடும். "தாத்தா ஒரு பாவம்" என்று எழுதினா டீச்சர் சிவப்பு மையில் சுழிச்சிடுவாங்க. கனிவு, பரிவு, இரக்கம் ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தேன். எதுவும் அவளுக்குப் பிடிக்கல. கடைசியில் அவளே கேட்டாள், "அவர் என்னதான் செஞ்சார்?"

பற்று புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். வேற சந்தில் திரும்புறதைச் சொன்னேன். அதுக்கு ரொம்ப நேரம் சிரிச்சாள். பிறகு எழுதினாள்: "என் தாத்தா கடை வைத்திருந்தார். காசு இல்லாதவர்களைப் பார்த்தால் அவர் ஒளிந்து கொள்வார்."

டீச்சர் இதைப் படிச்சுட்டு என்ன நினைக்கப் போறாங்களோ தெரியல. நான் திருத்தல.

"அப்பா, நீங்க நெட்டா?" என்று கேட்டாள். உங்கம்மாகிட்டக் கேள் என்று சொல்லிட்டு, மாடிப்படி துடைக்கக் கிளம்பிட்டேன். இந்த வாரம் எங்க முறை.

உங்க ஊரில் இந்த மாதிரி ஆளை என்ன சொல்வீங்க? நல்ல வார்த்தை ஒண்ணு இருந்தா சொல்லுங்க மக்களே.